வாட்டர் வாஷ் ஷெட்டில் ஃபியூஸ் ஏன் போகிறது என்று தேடிக் கண்டுபிடிக்கும் குன்னூர் பட்டறை

குன்னூர் பேருந்து நிலையத்திலிருந்து மேல்குன்னூருக்கு ஏறும் பாதையில், பெயர்ப்பலகை வைக்காத ஒரு மோட்டார் வைண்டிங் பட்டறை இயங்கி வருகிறது. தேயிலைத் தொழிற்சாலைகளில் பச்சை இலையை வாட்டும் விசிறிகளின் மோட்டார்களைப் பழுது பார்ப்பதே அவர்களுடைய அன்றாட வேலை என்றாலும், வாகனம் கழுவும் வாட்டர் வாஷ் ஷெட்டுகளில் ஏற்படும் ஷார்ட், மின்கசிவு, அடிக்கடி ஃபியூஸ் போவது ஆகியவற்றையும் நேரில் வந்து பார்த்துத் தருகிறார்கள். கோத்தகிரிக்குப் போகும் வழியில் கட்டபெட்டுப் பக்கம் நான் நடத்தும் ஷெட்டில் அவர்கள் செய்த வேலையை உடனிருந்து பார்த்தேன். மலையில் இதே தொழிலைச் செய்பவர்களுக்குப் பயன்பட வேண்டும் என்ற எண்ணத்தில், அந்த வேலையின் தரத்தையும் அதிலுள்ள குறைகளையும் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

எங்கள் ஷெட்டில் இருப்பவை எல்லா இடங்களிலும் உள்ள சாதனங்களே: 5 குதிரைத்திறன் கொண்ட மூன்று ஃபேஸ் வாட்டர் பம்ப், வண்டியைத் தூக்கும் ஹைட்ராலிக் லிஃப்ட், காற்று கம்ப்ரஸர், உட்புறம் சுத்தம் செய்யும் வேக்கம் கிளீனர். வடகிழக்குப் பருவமழை தொடங்கிய பிறகு இரண்டு தொல்லைகள் சேர்ந்து வந்தன. காலையில் பம்பை ஸ்டார்ட் செய்தவுடன் மெயின் போர்டில் ஒரு ஃபேஸின் ஃபியூஸ் வெடித்துப் போகும். சில நாட்களில் அப்படி எதுவும் நடக்காமல் மாலை வரை ஓடும். லிஃப்ட்டின் கன்ட்ரோல் பெட்டியில் உள்ள சிறிய கண்ணாடி ஃபியூஸோ நேரம் காலம் இல்லாமல், வண்டி மேலே ஏறிக்கொண்டிருக்கும்போதே போய்விடும். முன்பு வந்து பார்த்த ஒருவர் ஃபியூஸ் கட்டையில் கனமான செம்புக் கம்பியைச் சுற்றிவிட்டுப் போனார். மற்றொருவர் மோட்டாரின் காயில் (உள்ளே சுற்றியிருக்கும் செம்புக் கம்பி) கருகிவிட்டது, முழுவதும் ரீவைண்டிங் செய்ய வேண்டும், அதாவது புதிதாகக் கம்பி சுற்ற வேண்டும் என்று தொகையும் சொன்னார். இரண்டு பேருமே மோட்டாரின் டெர்மினல் பெட்டியைத் திறந்து பார்க்கவில்லை.

இந்தப் பட்டறையின் மூத்த மெக்கானிக் வந்தவுடன் கேட்டது, போன ஃபியூஸ்கள் எங்கே என்பதுதான். குப்பையில் போட்டிருந்தவற்றை என் ஷெட்டுப் பையன் தேடி எடுத்து வந்து கொடுக்க, அவர் அவற்றை வெளிச்சத்தில் வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஃபியூஸ் கம்பி நடுவில் மட்டும் உருகி அறுந்திருந்தால் அளவுக்கு மீறிய லோடு சிறிது நேரமாவது ஓடியிருக்கிறது என்றும், கம்பி இருந்த தடமே இல்லாமல் பீங்கான் முழுவதும் கரி படிந்து உலோகத் துளிகள் தெறித்திருந்தால் அது நேரடி ஷார்ட் என்றும், திருகு முடுக்கிய முனை மட்டும் வெந்து நிறம் மாறியிருந்தால் அங்கே பிடிமானம் தளர்ந்திருக்கிறது என்றும் அவர் விளக்கினார். எங்கள் மெயின் ஃபியூஸ் கட்டை கரியேறிக் கிடந்தது. கண்ணாடி ஃபியூஸின் உட்புறமும் கறுத்து, வெள்ளி பூசியது போல மினுங்கியது. ஆக, இரண்டு இடத்திலும் ஷார்ட்தான், ஓவர்லோடு இல்லை என்பது ஒரு கருவியும் வெளியே எடுக்கப்படுவதற்கு முன்பே தெரிந்துவிட்டது. புதிய ஃபியூஸைப் போட்டு ஓட்டிப் பார்க்கலாமா என்று கேட்டேன். “இப்ப போட வேண்டாம் தம்பி, போட்டா அதுவும் போகும். எங்க அடிக்குதுன்னு மொதல்ல பாத்துக்கலாம்ங்க” என்றார்.

அதன்பின் மெயின் சுவிட்சை நிறுத்தி, மூன்று ஃபியூஸ் கேரியர்களையும் உருவித் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். வேறு யாரும் தவறுதலாகச் செருகிவிடக் கூடாது என்பதற்காக அவர் எங்கு போனாலும் கடைப்பிடிக்கும் வழக்கமாம் இது. மின்சாரம் இல்லை என்பதை நியான் டெஸ்டரை மட்டும் நம்பி முடிவு செய்யாமல் மீட்டரை வைத்தும் உறுதி செய்தார். ஈரத்தரையில் நின்று வேலை செய்யும் இடத்தில் இந்த ஒழுங்கைப் பார்த்ததே எனக்குப் பெரிய நிம்மதியாக இருந்தது.

பம்ப் மோட்டாருக்குச் செல்லும் பாதையை அவர் துண்டு துண்டாகப் பிரித்துச் சோதித்தார். ஸ்டார்ட்டரிலிருந்து செல்லும் கேபிளை மோட்டார் முனையில் கழற்றி, கேபிளைத் தனியாகவும் மோட்டாரைத் தனியாகவும், இன்சுலேஷன் (மின்காப்பு) எவ்வளவு என்று காட்டும் 500 வோல்ட் மெகர் கருவியால் அளந்தபோது, கேபிளில் குற்றம் இல்லை என்பது உறுதியானது. மோட்டாரில் காயிலுக்கும் உடலுக்கும் இடையே குறைந்தது 1 மெகோம் (பத்து லட்சம் ஓம்) இன்சுலேஷன் இருக்க வேண்டும். எங்களுடையதில் அதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. முன்பு வந்தவர் இந்த ஓர் அளவை மட்டும் பார்த்திருந்தாலும் ரீவைண்டிங் என்றுதான் சொல்லியிருப்பார். இவர் அத்துடன் நிற்காமல் டெர்மினல் பெட்டியில் உள்ள இணைப்புத் தகடுகளையும் கழற்றி, மூன்று காயில்களின் ரெசிஸ்டன்ஸை ஒப்பிட்டார். மூன்றும் ஒரே அளவில் இருந்தன. வார்னிஷ் கருகிய வாடையும் இல்லை. உள்ளே காயில் எரிந்திருந்தால் ஏதாவது ஒன்றில் அளவு மாறியிருக்கும் என்று சொல்லிவிட்டு, டெர்மினல் பலகையைத் துடைத்துக் காட்டினார். ஆர் ஃபேஸ் வரும் முனைக்கும் ஒய் ஃபேஸ் வரும் முனைக்கும் நடுவே, பலகையின் பேக்லைட்டின் (கெட்டியான பிளாஸ்டிக்) மேல் வேர் பரவியது போல் ஒரு கருங்கோடு ஓடியிருந்தது. ஷாம்பு கலந்த தண்ணீர் அந்தப் பலகையில் திரும்பத் திரும்பப் படிந்து காய்ந்து, கசிவு மின்சாரம் பலகையின் மேற்பரப்பையே கரியாக்கி வழி அமைத்துக்கொண்டிருக்கிறது. காய்ந்த நாளில் அந்த வழி அடங்கிக் கிடக்கும். ஈரமான காலையில் ஸ்டார்ட் செய்தால் இரண்டு ஃபேஸுக்கும் நடுவே தீப்பொறி தாவி ஃபியூஸை எடுத்துக்கொண்டு போகும். மாலையில் ஒழுங்காக ஓடிய மோட்டார் மறுநாள் காலையில் ஏன் அடித்தது என்ற கேள்விக்கு இதுவரை யாரும் தராத பதில் இது.

தண்ணீர் எப்படி உள்ளே போனது என்பதையும் அவர் விடவில்லை. கேபிள் நுழையும் துளையில், கேபிளை இறுக்கிப் பிடித்து இடுக்கை அடைக்கும் கிளாண்ட் இல்லை. துளையும் பெட்டியின் மேற்புறத்தில் இருந்தது. மேலும், குளிர்ப்பிரதேசத்தில் இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பகலெல்லாம் ஓடிச் சூடான மோட்டார் இரவில் குளிரும்போது உள்ளிருக்கும் காற்று சுருங்கி, வெளியிலிருக்கும் பனிமூட்டத்தின் ஈரக்காற்றைத் தண்டுப் பக்கமாகவும் பெட்டி இடுக்குகள் வழியாகவும் உள்ளே இழுக்கிறது. அந்த ஈரம் இரும்பின் மேல் வியர்த்து, அடியில் தேங்குகிறது. அதை வெளியேற்றவென்றே மோட்டாரின் அடிப்பாகத்தில் இருந்த வடிதுளை, எங்கள் மோட்டாரில் சேறும் ஷாம்புப் படிவமும் அடைத்து மூடிக்கிடந்தது. சமவெளியில் பல ஆண்டுகள் தொல்லையின்றி ஓடும் அதே மோட்டார், கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,850 மீட்டர் உயரத்தில் இருக்கும் குன்னூரில் ஏன் சீக்கிரம் நோகிறது என்பதை நான் தெளிவாகப் புரிந்துகொண்டது அன்றுதான்.

ரீவைண்டிங் செய்யாமல், மோட்டாரைப் பட்டறைக்கு எடுத்துச் சென்று உலர்த்தினார்கள். தகரத்தால் அமைத்த ஒரு பெட்டிக்குள் குண்டு பல்புகளை எரியவிட்டு, 80 முதல் 90 டிகிரி வரை சூட்டில் வைத்து, இடையிடையே மெகரால் அளந்து ஒரு நோட்டில் குறித்துக்கொண்டே வந்தார்கள். முதலில் அளவு இன்னும் கீழே இறங்கியதைக் கண்டு நான் கவலைப்பட்டேன். சூடேறும்போது இன்சுலேஷன் ரெசிஸ்டன்ஸ் குறைவது இயல்பு, ஈரம் வெளியேறத் தொடங்கிய பிறகுதான் ஏறும், ஏறி ஒரே அளவில் நின்ற பிறகே வேலை முடிந்தது என்று கொள்ள வேண்டும் என்று அந்த நோட்டைக் காட்டி விளக்கினார்கள். சொன்னபடியே அளவு இறங்கி, ஏறி, நிலைத்தது. பிறகு வார்னிஷ் அடித்து, கரியேறிய பலகையைச் சுரண்டிச் சரிசெய்ய முயலாமல் புதிதாகவே மாற்றினார்கள். கரி படிந்த பேக்லைட்டைத் தேய்த்துப் பயன்படுத்தினால் அதே வழியில் மறுபடியும் மின்சாரம் ஓடும் என்பதால், இந்த முடிவு மிகச் சரியானது என்றே கருதுகிறேன்.

லிஃப்ட்டின் தொல்லையைக் கண்டுபிடித்த விதம் இதைவிட அழகானது. கண்ணாடி ஃபியூஸைக் கழற்றிவிட்டு, அது இருந்த இடத்தில் 100 வாட் குண்டு பல்பு ஒன்றை சீரீஸாக இணைத்தார். சர்க்யூட் நல்ல நிலையில் இருந்தால், பட்டனை அழுத்தியதும் மோட்டாருக்கு மின்சாரத்தை இணைக்கும் கான்டாக்டரின் காயில் எடுக்கும் சிறு மின்சாரத்துக்கு பல்பு மங்கலாகவே இருக்கும்; எங்காவது ஷார்ட் ஆனால் பல்பு முழு வெளிச்சத்தில் எரியும், ஆனால் எதுவும் வெடிக்காது, ஃபியூஸும் வீணாகாது. பல்பை அப்படியே எரியவிட்டு, பட்டன் பெட்டியிலிருந்து தொடங்கி ஆபரேட்டர் கையில் பிடித்துக்கொண்டு நடக்கும் கேபிளை ஒரு சாண் ஒரு சாணாக வளைத்துக்கொண்டே போனார். தூணை ஒட்டி வளையும் இடத்தில் கைபட்டதும் பல்பு பளிச்சென்று எரிந்தது. கையை எடுத்ததும் மங்கியது. மேலுறை பார்வைக்கு நன்றாகவே இருந்தது. அறுத்துப் பார்த்தபோது உள்ளே இரண்டு வயர்களின் உறை வெடித்துச் செம்பு வெளியே தெரிந்தது. வண்டி ஏறும்போது ஆபரேட்டர் பின்னால் நகர்வார், கேபிள் அந்தத் தூணில் இழுபடும், அப்போதுதான் ஃபியூஸ் போயிருக்கிறது. இதே இடத்தை ஃபியூஸை மாற்றி மாற்றித் தேடியிருந்தால் ஒரு பெட்டி ஃபியூஸ் தீர்ந்திருக்கும்.

கேபிளை ஒட்டுப்போட்டுத் தராமல் முழுவதும் மாற்றியதுடன், பட்டன் சர்க்யூட் 230 வோல்ட்டில் ஓடிக்கொண்டிருப்பதை ஆபத்து என்று சொல்லி, ஒரு சிறிய டிரான்ஸ்ஃபார்மரையும் அதற்கேற்ற காயில் உள்ள கான்டாக்டரையும் வைத்து 24 வோல்ட்டுக்கு மாற்றினார்கள். நனைந்த கையுறையோடு பட்டனை அழுத்தும் பையன்களை வேலைக்கு வைத்திருக்கும் ஒவ்வொரு ஷெட் உரிமையாளரும் இந்த ஒன்றையாவது செய்ய வேண்டும்.

முன்பு சுற்றிவிடப்பட்டிருந்த கனமான செம்புக் கம்பியை முதல் வேலையாக அகற்றி, பீங்கான் கட்டைகளுக்குப் பதில், பெரிய ஷார்ட்டையும் வெடிக்காமல் துண்டிக்கும் எச்.ஆர்.சி. ஃபியூஸ்கள் போட்டார்கள். 5 குதிரைத்திறன் மோட்டார் முழு லோடில் ஏறக்குறைய 7.5 ஆம்பியர் எடுக்கும். நேரடியாக ஸ்டார்ட் செய்யும் கணத்தில் அதைப்போல் ஆறு மடங்கு வரை எடுக்கும். அதைத் தாங்க 20 ஆம்பியர் அளவில் ஃபியூஸ் வைத்து, ஓவர்லோடைக் கவனிக்கும் பொறுப்பை ஸ்டார்ட்டரில் உள்ள ரிலேவிடம் ஒப்படைத்து, அந்த ரிலேவை மோட்டாரின் பெயர்த்தகட்டில் உள்ள ஆம்பியருக்குத் திருப்பி வைத்தார்கள். அதற்கு முன் அது ஆக அதிகமான அளவுக்குத் திருப்பப்பட்டிருந்தது. ஒரே ஒரு ஃபேஸின் ஃபியூஸ் போய், மோட்டார் மீதி இரண்டு ஃபேஸில் முனகிக்கொண்டே ஓடினால், அவற்றில் மின்னோட்டம் ஏறக்குறைய 1.7 மடங்காக உயர்ந்து காயில் உண்மையாகவே எரிந்துவிடும் என்பதால், ஒரு ஃபேஸ் போனாலே மோட்டாரை நிறுத்திவிடும் சிங்கிள் ஃபேஸ் பிரிவென்டரும் பொருத்தினார்கள். காற்றிலும் மழையிலும் மரக்கிளை விழுந்து ஒரு லைன் மட்டும் போவது இங்கே வழக்கம். ஆகவே இந்தச் செலவு வீணில்லை.

எர்த் பற்றி அவர் சொன்னதை நான் இன்னும் பலரிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். மலையில் சில அடி தோண்டினாலே பாறை தட்டுகிறது. எர்த் குழியின் ரெசிஸ்டன்ஸ் எளிதில் 10 ஓம் வரை போய்விடும். அந்த நிலையில் ஒரு ஃபேஸ் மோட்டாரின் உடலைத் தொட்டால், 230 வோல்ட்டுக்கு 23 ஆம்பியர்தான் ஓடும். 20 ஆம்பியர் ஃபியூஸ் அவ்வளவு சிறிய மிகுதிக்குச் சட்டென்று போகாது. நெடுநேரம் தாங்கி நிற்கவும் கூடும். அதுவரை பம்பின் உடலும், அதைத் தொடும் குழாயும், ஈரத்தரையும் ஷாக் அடிக்கும் நிலையிலேயே இருக்கும். அதாவது ஃபியூஸ் மோட்டாரையும் வயரையும்தான் காக்கும், ஆளைக் காக்காது. ஆளைக் காக்க 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. வேண்டும். எங்கள் போர்டில் ஒன்று இருந்தும், அடிக்கடி விழுகிறது என்று யாரோ அதைத் தாண்டி நேராக இணைத்திருந்தார்கள். அது விழுந்ததே மோட்டாருக்குள் ஈரம் சேர்ந்திருக்கிறது என்பதற்கான முதல் அறிவிப்பு. இப்போது புதிய ஆர்.சி.சி.பி. இணைக்கப்பட்டு, எர்த் டெஸ்டரால் அளந்து, சற்றுத் தள்ளி மண் ஆழமாக இருந்த இடத்தில் இரண்டாவது குழியும் போடப்பட்டிருக்கிறது.

சுவிட்சுப் பெட்டிகளைப் பொறுத்தவரை, ஐ.பி. 55 என்று (தூசி, தண்ணீரிலிருந்து எவ்வளவு காப்பு என்பதற்கான குறியீடு) அச்சிட்ட பெட்டி தண்ணீர் புகாதது என்று கடையில் சொல்வதை அப்படியே நம்ப வேண்டாம் என்று அறிவுறுத்தினார். அந்தச் சோதனை 6.3 மில்லிமீட்டர் முனையிலிருந்து நிமிடத்துக்கு 12.5 லிட்டர் தண்ணீரை இரண்டரை, மூன்று மீட்டர் தூரத்திலிருந்து அடித்துச் செய்யப்படுவது. வண்டி கழுவும் வாட்டர் கன்னின் முனையை ஒரு முழம் தூரத்தில் நீட்டிப் பெட்டியின் மேல் அடித்தால் அது தாங்கும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. எனவே பெட்டிகளைக் கழுவும் இடத்திலிருந்து சுவருக்கு அப்பால் மாற்றி, கேபிள்கள் எல்லாவற்றையும் அடிப்பக்கத்திலிருந்து கிளாண்ட் வழியாக ஏற்றி, நுழைவதற்கு முன் கீழே ஒரு தொங்கல் விட்டுக் கட்டினார்கள். கேபிளில் வழியும் தண்ணீர் அந்தத் தொங்கலிலேயே சொட்டிவிடுகிறது.

வேக்கம் கிளீனரில் பெரிய பழுது இல்லை. நுரையை உறிஞ்சியபோது அது மிதவையைத் தாண்டி மோட்டார் வரை போயிருந்ததால், திறந்து உலர்த்தி, கார்பன் பிரஷ்களை மாற்றிக் கொடுத்தார்கள். கார்பன் பிரஷ் வைத்த சிறிய பிரஷர் வாஷர்களிலும் அந்தக் கார்பன் தூள் ஈரத்தோடு சேர்ந்து கசிவை உண்டாக்கும் என்பதால், அவ்வப்போது ஊதிச் சுத்தம் செய்யச் சொன்னார்கள்.

குறைகளையும் சொல்ல வேண்டும். வெளியே வந்து பழுது கண்டுபிடிக்கும் திறமை அந்த மூத்தவர் ஒருவரிடமே இருக்கிறது. தொழிற்சாலைகளில் இலை வரத்து கூடும் காலங்களில் அவர் கிடைப்பது கடினம், கனமழைக்குப் பிந்தைய வாரத்தில் அதைவிடக் கடினம். முழுப் பரிசோதனை என்றால் ஷெட்டை நிறுத்திவைக்க வேண்டும். ஏப்ரல், மே மாதச் சீசனில் இது வருமானத்தை நேரடியாகப் பாதிக்கும். எலக்ட்ரானிக் போர்டு உள்ள வெளிநாட்டு பிரஷர் வாஷர்களை அவர்கள் எடுப்பதில்லை, கோயம்புத்தூருக்கு அனுப்பச் சொல்லிவிடுகிறார்கள். சில உதிரிபாகங்கள் கோவையிலிருந்தே வர வேண்டியிருப்பதால் காத்திருப்பும் உண்டு. செய்த வேலையின் விவரத்தையும் மெகர் அளவுகளையும் நாமாகக் கேட்டால்தான் எழுதித் தருகிறார்கள். அடுத்த முறை ஒப்பிட்டுப் பார்க்க அந்தத் தாள் அவசியம் என்பதால் இதை அவர்கள் வழக்கமாக்கிக்கொள்ள வேண்டும் என்று அவர்களிடமே சொல்லியிருக்கிறேன்.

கூலி குறைவு என்று சொல்ல மாட்டேன். ஃபியூஸ் மாற்றிவிட்டுப் போகிறவர்கள் கேட்பதைவிடப் பல மடங்கு. ஆனால் மோட்டாரை உலர்த்தி, பலகை மாற்றி, வார்னிஷ் அடித்ததற்கு ஆன செலவு, முன்பு ரீவைண்டிங்குக்குச் சொல்லப்பட்ட தொகையில் பாதியைக்கூட எட்டவில்லை. போர்டு, ஆர்.சி.சி.பி., எர்த் குழி ஆகியவை தனிச் செலவு; அவற்றை எவரிடம் செய்தாலும் ஆகும். அதன்பின் வந்த பனிக்காலக் காலைகளிலும் பம்ப் முதல் முறையிலேயே ஸ்டார்ட் ஆனது. ஃபியூஸும் போகவில்லை, ஆர்.சி.சி.பி.யும் விழவில்லை.

அவர்களை அழைக்க விரும்புகிறவர்கள், போன ஃபியூஸ்களை எறியாமல் எடுத்துவைப்பதும், எந்த நேரத்தில், எந்தச் சாதனம் ஓடும்போது, மழையா வெயிலா என்ற விவரங்களோடு குறித்துவைப்பதும் அவர்களுடைய வேலையைப் பாதியாகக் குறைக்கும். மோட்டாரைக் கழற்றிப் பட்டறைக்கே கொண்டு செல்வதானால் கேபிள் எந்த முனையில் இருந்தது என்பதைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்ட பிறகு கழற்றுங்கள். இணைப்பு மாறினால் பம்ப் எதிர்ப்பக்கமாகச் சுற்றும். காலையில் சீக்கிரம் போனால் மூத்தவரையே பார்க்கலாம். பத்து மணிக்கு மேல் அவர் பெரும்பாலும் ஏதாவது ஒரு தொழிற்சாலைக்குப் போய்விடுகிறார்.